சினாட்ரா பூங்கா: ஹோபோக்கன் ஆற்றங்கரையில் அரைநாள் செலவிட ஒரு முழுமையான வழிகாட்டி

நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரை எங்கே அழைத்துப் போவது என்று கேட்டால் பலரும் ஹோபோக்கனைச் சொல்வார்கள். ரயிலை விட்டு இறங்கி, ஆற்றங்கரையில் நின்று, எதிர்க்கரை மன்ஹாட்டனின் கட்டடங்கள் பின்னணியில் தெரியப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிடுவதுதான் வழக்கம். அந்தக் காட்சி நல்ல காட்சிதான். ஆனால் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் பெயரைத் தாங்கிய பூங்காவுக்கு வந்துவிட்டு, அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று தெரியாமலே திரும்புவது, கோயிலுக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்குச் சமம்.

நான் சொல்லும் முறை எளிமையானது. ஆற்றங்கரையில் தொடங்கி ஊருக்குள் மேற்கே நடந்து, அவர் பிறந்த தெருவில் முடியுங்கள். சினாட்ரா குடும்பம் மேற்கிலிருந்து கிழக்காக, தெருத் தெருவாக ஆற்றை நோக்கி முன்னேறியது. நீங்கள் அதே பாதையில் எதிர்த்திசையில் நடப்பீர்கள். நிதானமாகச் சென்றால் நான்கு மணி நேரம் ஆகும். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

எப்போது போவது

ஹோபோக்கன் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பதால், பூங்காவில் நின்றால் கிழக்கே பார்ப்பீர்கள். காலையில் சூரியன் மன்ஹாட்டனுக்குப் பின்னாலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். கட்டடங்கள் கறுத்த நிழல்களாகத் தெரியும். படம் வேண்டுமென்றால் மாலை நான்கு மணிக்குமேல் வாருங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து எதிர்க்கரைக் கண்ணாடிகளில் விழும். இருட்டத் தொடங்கியதும் சன்னல் சன்னலாக விளக்கேறும். சூரியன் ஆற்றில் மறைவதைப் பார்க்கலாம் என்று வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். அது உங்களுக்குப் பின்னால், ஊர்க் கூரைகளுக்கு அப்பால் மறையும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரையும், செப்டம்பர், அக்டோபரிலும் நடப்பதற்கு ஏற்ற பருவம். கோடை நாட்களில் கரையில் நிழல் குறைவு. குளிர்காலத்தில் ஆற்றிலிருந்து வரும் காற்று ஊருக்குள் இருப்பதைவிட மிகக் கடுமையாக இருக்கும். காதை மூடும் குல்லாய் இல்லாமல் வயதானவர்களை அழைத்து வராதீர்கள். மார்ச் தொடக்கத்துச் சனிக்கிழமைகளில், ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் விழாவை ஒட்டி, பச்சைச் சட்டையுடன் காலையிலேயே குடிக்கத் தொடங்கும் கூட்டம் வாஷிங்டன் தெருவை நிறைத்துவிடும். குடும்பத்தோடு வர அந்த நாட்கள் வேண்டாம். ஜூலை 4 வாணவேடிக்கை ஹட்சனில் நடக்கும் ஆண்டுகளில் கரைக்குள் நுழைவதே பெரும்பாடு.

வந்து சேர்வது

கார் வேண்டாம். இந்த ஊரின் நிலப்பரப்பு மூன்றேகால் சதுர கிலோமீட்டர்தான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 60,419. தெருவோர இடங்களில் பெரும்பகுதி உள்ளூர் அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கே உரியது. அறிவிப்புப் பலகையை அரைகுறையாகப் படித்து வண்டியை விட்டுச் சென்றால் சக்கரத்தில் பூட்டு விழும். கார்தான் ஒரே வழி என்றால் நேராகக் கட்டண நிறுத்தகத்துக்குப் போய்விடுங்கள்.

மன்ஹாட்டனிலிருந்து பாத் (PATH) ரயில்தான் மலிவு, விரைவும்கூட. 33-ஆம் தெருவிலிருந்து வரும் வண்டி 23, 14, 9-ஆம் தெருக்களிலும் கிறிஸ்டோபர் தெருவிலும் நின்று ஆற்றுக்கு அடியில் புகுந்து ஹோபோக்கனுக்கு வரும். இந்தச் சுரங்கப்பாதை 1908-இல் திறக்கப்பட்டது. உலக வர்த்தக மையத்திலிருந்து வார இறுதியில் வருபவர்கள் வழித்தடம் மாறியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்சி சிட்டிக்காரர்களுக்கு இலகு ரயிலும் உண்டு.

ஒருமுறையாவது படகில் வாருங்கள். டிக்கெட் விலை ரயிலைப்போலப் பல மடங்கு. ஆனால் நிலையத்தின் பச்சை பூத்த செப்பு முகப்பை ஆற்றிலிருந்து பார்ப்பதற்கு அந்தப் பணம் தகும். 1907-இல் கட்டிய நிலையம் அது; ரயிலில் வந்தவர்கள் இறங்கிப் படகு பிடித்து நியூயார்க் போவதற்காகவே உருவானது. காத்திருப்புக் கூடத்துக்குள் போய் நிமிர்ந்து பாருங்கள். கூரையில் டிஃபனி வண்ணக் கண்ணாடி இருக்கிறது. தினமும் அதன் கீழே ஓடுகிறவர்களில் நிமிர்ந்து பார்ப்பவர் மிகக் குறைவு.

நிலையத்திலிருந்து பூங்கா வரை

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆறு வலக்கைப் பக்கம் இருக்கும்படி வடக்கே திரும்புங்கள். வேறு வழி கேட்கத் தேவையில்லை. பாதை சமதளம், படிகள் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் சிரமமின்றி வரலாம். சினாட்ரா பூங்கா நான்காம் தெருவுக்கும் ஐந்தாம் தெருவுக்கும் நடுவில், சினாட்ரா டிரைவ் என்ற கரையோரச் சாலையை ஒட்டி இருக்கிறது. நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

முதலில் வருவது பியர் ஏ பூங்கா. ஆற்றுக்குள் நீண்டிருக்கும் பழைய கப்பல் மேடையின்மேல் புல்வெளியும் மரங்களும் வைத்து 1999-இல் திறந்தார்கள். அடுத்து நான்காம் தெருவுக்கு எதிரே பியர் சி, 2010-இல் வந்தது. குழந்தைகள் உடன் இருந்தால் இங்கே ஒரு மணி நேரம் போய்விடும். தண்ணீருக்கு நடுவில் வளைந்த பாதை, விளையாட்டு இடம், தூண்டில் போடுபவர்களுக்குத் தனி மேடை எல்லாம் இருக்கின்றன.

இந்த ஒரு கிலோமீட்டரைத்தான் எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் ஊரின் கதை முழுவதும் இந்தத் துண்டில்தான் கிடக்கிறது.

சினாட்ரா பிறந்த 1915-இல் இங்கே பூங்கா இல்லை, உலாவும் பாதை இல்லை. ஜெர்மன் கப்பல் நிறுவனங்களின் மேடைகளும் கிடங்குகளும் கரையை அடைத்துக்கொண்டு நின்றன. 1900 ஜூன் 30 அன்று இந்தக் கரையில் பிடித்த தீயில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரியும் கப்பல்களுக்குள் சிக்கியவர்களால் வட்டச் சன்னல்கள் வழியாக வெளியேற முடியவில்லை; மனித உடல் நுழைய முடியாத அளவுக்கு அவை சிறியவை. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அரசு அந்த மேடைகளைக் கைப்பற்றியது. ஐரோப்பியப் போர்முனைக்குப் போன லட்சக்கணக்கான படைவீரர்களுக்குக் கப்பல் ஏறும் துறை ஹோபோக்கன்தான்.

பிறகு வந்தது மூட்டை தூக்குபவர்களின் காலம். யாருக்கு அன்று வேலை என்பதைக் காலையில் மேஸ்திரி கைகாட்டி முடிவு செய்யும் முறை, அதைச் சுற்றி வளர்ந்த லஞ்சமும் அடிதடியும். மார்லன் பிராண்டோ நடித்து 1954-இல் வெளியான ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ படத்தை எலியா கசான் இந்தத் தெருக்களிலேயே எடுத்தார். அந்தக் கதாநாயகன் வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர்களில் சினாட்ராவும் ஒருவர். சொந்த ஊர்க் கதை, கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிற்று.

1956-இல் நியூவார்க்கிலிருந்து முதல் சரக்குப் பெட்டகக் கப்பல் புறப்பட்டது. பெட்டகங்களை அடுக்கப் பரந்த வெளி தேவை. ஆற்றுக்கும் குன்றுக்கும் நடுவில் நெருக்கிக் கட்டிய ஹோபோக்கனில் அதற்கு இடமில்லை. சில ஆண்டுகளில் துறை செத்தது. மேடைகள் துருப்பிடித்துக் கிடந்தன.

அடுத்த கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கரையில் வானுயர் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் 1990-இல் ஊர் மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு வந்தது. சொற்ப வாக்கு வித்தியாசத்தில் மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். கரை பொதுச் சொத்தாகத் தொடர வேண்டும், கட்டடங்கள் சாலைக்கு மறுபுறம் இருக்கட்டும் என்று வாதாடிய குடிமக்கள் அமைப்பின் யோசனைதான், பெருமளவு, நீங்கள் இப்போது நடந்து வந்த பாதை. பெயர்ப் பலகையில் இருப்பது பாடகர். பூங்காவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத வாக்காளர்கள்.

பூங்காவுக்குள்

பெரிய பூங்காவை எதிர்பார்த்து வராதீர்கள். ஒரு திடல், ஆற்றை நோக்கி இறங்கும் அரைவட்டப் படிக்கட்டு அரங்கம், உட்கார இருக்கைகள், ஒரு சிலை. அவ்வளவுதான். அளவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. இடம் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இதன் அழகு இருக்கிறது.

முதல் வேலையாகப் படிக்கட்டில் போய் அமருங்கள். இடப்புறம் சற்று உள்ளே எம்பயர் ஸ்டேட் கட்டடம். வலப்புறம், தெற்கே தொலைவில், உலக வர்த்தக மையக் கோபுரம். இரண்டையும் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். கோடை மாலைகளில் இங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கும். சினாட்ராவைப் போலப் பாடும் போட்டியும் இந்தப் பூங்காவில் நடத்தப்படுவதுண்டு. நகராட்சியின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுத்தால் இலவசக் கச்சேரி ஒன்று கிடைக்கலாம்.

பிறகு சிலை. சிற்பி கேரலின் பாமர் வடித்த ஆறடி வெண்கலச் சிலையை சினாட்ராவின் பிறந்தநாளான டிசம்பர் 12 அன்று, 2021-இல் திறந்தார்கள். அப்போது நகர மேயராக இருந்தவர் ரவி பல்லா, தலைப்பாகை அணிந்த சீக்கியர். இத்தாலியக் குடியேறிகளின் மகனுக்குப் பஞ்சாபியக் குடியேறிகளின் மகன் மேயராக இருக்கையில் சிலை எழுந்தது. ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் அமையாது.

இனி ஒரு விவரம். சினாட்ராவுக்கும் இந்த ஊருக்கும் உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. 1952-இல், அவருடைய தந்தை பணியாற்றிய தீயணைப்புத் துறையினருக்காக இங்கே பாட வந்தார். அவருடைய புகழ் சரிந்திருந்த நேரம். கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள், பழத்தை வீசினார்கள் என்றும் சொல்வார்கள். அதன் பிறகு பல்லாண்டுகள் அவர் ஊரில் வெளிப்படையாகத் தலைகாட்டவில்லை என்பது உள்ளூரில் பரவலாகப் பேசப்படும் கதை. 1984-இல் அதிபர் ரீகனுடன் புனித அன்னாள் திருவிழாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. படிக்கட்டில் அமர்ந்தபடியே வடக்கே தலையைத் திருப்பினால் கரையோரக் குன்றின்மேல் தெரிவது அந்த நிறுவனம்தான். உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் வெளியேறியவர் அவர். பட்டம் கிடைத்த இடமும் பூங்காவும் ஒரு கல்லெறி தூரத்தில் அமைந்துவிட்டன.

எதிரே இருக்கும் நகரைப் புகழ்ந்து அவர் பாடிய பாட்டு இன்றைக்கு நியூயார்க்கின் அடையாளமாகிவிட்டது. அந்த ஊரை அவர் முதலில் பார்த்தது இந்தக் கரையிலிருந்துதான். அங்கே போய்ச் சாதிக்க வேண்டும் என்ற தவிப்பு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்தவருக்குத்தான் அவ்வளவு வரும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. இந்தக் கரையோரத்தின் பல பகுதிகள் மரத்தூண்கள்மேல் நிற்கின்றன. ஹட்சன் சாக்கடையாக இருந்த காலத்தில் தூண்கள் பத்திரமாக இருந்தன. தண்ணீர் சுத்தமாகத் தொடங்கியதும் கப்பற்புழு திரும்பி வந்தது. பெயரில் புழு என்றாலும் அது சிப்பி இனம். மரத்தைக் குடைந்து தின்னும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரையின் சில பகுதிகள் சரிந்து, மூடப்பட்டு, பெருஞ்செலவில் சீரமைக்கப்பட்டன. எனவே வேலி போட்டு அடைத்திருந்தால் எட்டிக் குதித்துப் படம் எடுக்க முயலாதீர்கள்.

வடக்கே போக நேரமிருந்தால்

குன்றின் அடிவாரத்தைச் சுற்றிச் சினாட்ரா டிரைவ் வளைந்து செல்லும். பதினோராம் தெரு அருகே மாக்ஸ்வெல் பிளேஸ் பூங்கா. பழைய மாக்ஸ்வெல் ஹவுஸ் காபி ஆலை இருந்த இடம். ஆற்றுத் தண்ணீரைக் கையால் தொட இங்கேதான் சிறிய மணற்கரை கிடைக்கும். கோடையில் சில நாட்களில் தன்னார்வலர்கள் இலவசமாகக் கயாக் படகு ஓட்ட விடுகிறார்கள். மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். நீந்த வேண்டாம். கடல் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இந்த ஆற்றின் ஓட்டமே திசை மாறும், இழுப்பு பலமானது. இன்னும் இரண்டு தெரு தள்ளி, 1301 ஹட்சன் தெருவில், ஹோபோக்கன் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது.

உடன் வந்தவர்கள் களைத்திருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். அடுத்த பகுதியை விடாதீர்கள்.

மேற்கே, பிறந்த தெருவுக்கு

பூங்காவிலிருந்து நான்காம் தெருவில் ஏறி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நேராக நடங்கள். ஹட்சன் தெரு, வாஷிங்டன் தெரு, புளூம்ஃபீல்ட், கார்டன், பார்க் அவென்யூ, வில்லோ, கிளின்டன், கிராண்ட். அதற்கப்புறம் வழி தவறவே முடியாது. ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ என்று அமெரிக்க அதிபர்கள் பதவி வகித்த வரிசையிலேயே தெருக்கள் வரும். மொத்தம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கடைகளில் நிற்காமல் போனால் இருபது நிமிடம்.

அவர் குடும்பத்தின் முகவரிகளை வரிசையாகப் பாருங்கள். முதலில் மேற்கே 415 மன்றோ தெரு. பிறகு 703 பார்க் அவென்யூ. பிறகு 841 கார்டன் தெரு. ஒவ்வொரு வீடும் முந்தைய வீட்டைவிட ஆற்றுக்கு அருகே, மேட்டுக்கு அருகே. மேற்குப் பகுதி தாழ்வானது, இத்தாலியத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. வசதி படைத்த பிறர் கிழக்கே இருந்தார்கள். தந்தை மார்ட்டி, ‘மார்ட்டி ஓ பிரையன்’ என்ற ஐரிஷ் பெயரில் குத்துச்சண்டை போட்டவர். பின்னாளில் தீயணைப்புத் துறையில் அதிகாரி. தாய் டாலி பிரசவம் பார்ப்பவர், ஜனநாயகக் கட்சிக்குத் தெருத் தெருவாக வாக்குத் திரட்டியவர். வீட்டின் ஏற்றத்துக்குக் காரணம் அந்த அம்மாள்தான் என்று ஊரில் சொல்வார்கள். படித்ததை வைத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இந்தத் தாழ்வுக்கு இன்றும் விலை உண்டு. 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது ஆற்று நீர் ஊரின் வடக்கிலும் தெற்கிலும் உள்ள பள்ளங்கள் வழியாக நுழைந்து மேற்குத் தெருக்களில் தேங்கியது. கரையை ஒட்டிய மேட்டுப் பகுதி தப்பியது, ஆற்றிலிருந்து தள்ளி இருந்தவர்கள் மூழ்கினார்கள். இந்தப் பாதையில் நடக்கும்போது கால்களுக்கே அந்தச் சரிவு தெரியும்.

ஜெஃபர்சன் தெருவில் தெற்கே திரும்பினால் மூன்றாம் தெரு முனையில் புனித பிரான்சிஸ் ஆலயம். சினாட்ராவுக்குத் திருமுழுக்கு கொடுத்த இடம். பிறகு மன்றோ தெரு. 1915 டிசம்பர் 12 அன்று ஆறு கிலோவுக்கும் அதிக எடையுடன் ஆயுதம் போட்டு எடுக்கப்பட்ட குழந்தை அது. கன்னத்திலும் காதருகிலும் அந்தத் தழும்பு வாழ்நாள் முழுவதும் இருந்தது. வீடு இப்போது இல்லை; தீக்கிரையாகிப் பின்னர் இடிக்கப்பட்டது. அருங்காட்சியகத்தார் 1996-இல் அந்த முகவரிக்கு முன்னால் நடைபாதையில் வெண்கல நட்சத்திரம் ஒன்றைப் பதித்தார்கள். நினைவிடம், டிக்கெட், கடை எதுவும் கிடையாது. சுற்றிலும் மக்கள் வசிக்கும் சாதாரணத் தெரு. வீட்டுப் படிகளில் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், கதவைத் தட்டி விசாரிக்காதீர்கள்.

சாப்பாடு

கடைகள் வழியிலேயே இருக்கின்றன. ஆடம்ஸ் தெருவில் ஃபியோரேஸ் என்ற பழைய இத்தாலியக் கடை, அன்றன்று செய்யும் மொசரெல்லா பாலாடைக்கட்டிக்குப் பெயர் பெற்றது. வியாழன், சனிக்கிழமைகளில் மாட்டிறைச்சி சாண்ட்விச்சுக்கு வரிசை நிற்கும். அந்த நாட்களில் அவசரமாகச் சாப்பிட நினைக்காதீர்கள். முழுச் சைவம் என்றால் பாலைத் திரிக்க விலங்கு நொதி சேர்க்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். கிராண்ட் தெருவில் 1939-இல் தொடங்கிய லியோஸ் உணவகத்தின் சுவர் முழுவதும் சினாட்ரா படங்கள். வாஷிங்டன் தெருவில் தொலைக்காட்சியால் புகழ்பெற்ற கார்லோஸ் பேக்கரியில் இனிப்பு நன்றாகவே இருக்கும், கூட்டம்தான் தாங்காது.

இரண்டு வேளை ரொட்டி தின்ற பெற்றோர் தோசை கேட்டால், பாத் ரயிலில் ஜெர்சி சிட்டி ஜர்னல் ஸ்குவேருக்குப் போங்கள். அங்கே நியூவார்க் அவென்யூவில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

திரும்பிப் போவது

மன்றோ தெருவிலிருந்து மறுபடி ஆற்றுப் பக்கம் நடக்கத் தேவையில்லை. ஊரின் மேற்கு ஓரத்தில், இரண்டாம் தெருவில், இலகு ரயில் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து ஹோபோக்கன் நிலையத்துக்கே நேரடி வண்டி உண்டு. அதே மேடையில் ஜெர்சி சிட்டியின் மேற்குப் பகுதிக்குப் போகும் வண்டியும் வருமாதலால் முகப்பில் எழுதியிருக்கும் ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள். இந்த ரயிலில் நுழைவாயில் தடுப்பு எதுவும் இல்லை. காகித டிக்கெட் எடுத்தவர்கள் மேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் அதைச் செருகி நேர முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் மறப்பது இதைத்தான். டிக்கெட் கையில் இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் பரிசோதகர் அபராதம் போடுவார்.